தாயைக் காவல் காத்த பிள்ளை: பெங்களூரில் ஒரு நிகழ்வு ஆய்வு

எழுதும் முன்

பெங்களூர் பழைய விமான நிலையச் சாலையை ஒட்டிய முருகேஷ்பாளையாவில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு சாயங்கால வகுப்பு நடத்துகிறேன். வீட்டுப்பாடம், கணக்கு, அப்புறம் அரை மணி நேரம் தமிழ் எழுத்து. சமூகப்பணி படித்தவள் என்பதால் ஆஸ்பத்திரி, ரேஷன் கார்டு, பள்ளிச் சேர்க்கை என்று எதற்கும் அக்கம்பக்கத்தார் என்னைத் தேடி வருவார்கள். 2022 ஆகஸ்டிலிருந்து 2023 ஜூன் வரை ஓர் ஈழத் தாயோடும் அவருடைய மகளோடும் பழகிய பத்து மாதங்களின் பதிவு இது.

எழுதி முடித்ததும் தாய்க்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். இரண்டு இடங்களை எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டேன். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். போரிலிருந்து தப்பி வந்த பெண்களோடும் பிள்ளைகளோடும் வேலை செய்கிறவர்கள் நம் ஊர்களில் பலர் இருக்கிறார்கள். நான் தடுக்கி விழுந்த இடங்கள் அவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

பின்னணி

கீழே உள்ளது எதுவும் எனக்கு முதல் நாளே தெரியாது. துண்டு துண்டாக, பல மாதங்களில் தெரிந்தது.

தாய்க்கு அப்போது 34 வயது. சொந்த ஊர் கிளிநொச்சி மாவட்டம் என்றாலும் குடும்பத்தின் வேர் மலையகத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறது. 1977 இனக்கலவரத்தில் லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டை விட்டு ஓடி, வன்னியில் காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. அவருடைய பெரியம்மா அதற்கு முன்பே கணவரோடு இந்தியா வந்துவிட்டார். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் மலையகத் தமிழர் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவானது. அந்தக் கணக்கில் கப்பலேறியவர் பெரியம்மா. தென்கன்னட மாவட்டத்துச் சுள்ளியாவில் ரப்பர் தோட்ட வேலை கொடுத்தார்கள். அவருடைய மகன்தான் பிழைப்புக்காகப் பெங்களூர் வந்து முருகேஷ்பாளையாவில் குடியிருப்பவர்.

2007இல் வன்னியில் வீட்டுக்கு ஒருவர் என்று விடுதலைப் புலிகள் இயக்கம் ஆள் சேர்த்தது. கல்யாணம் ஆனவர்களை விட்டுவிடுவார்கள் என்று நம்பி, வயது வந்ததும் வராததுமாகப் பெண்களுக்குத் தாலி கட்டி வைத்தார்கள். இவருக்கு அப்போது 19. "என்னைக் கட்டிக் குடுத்தது என்னை ஒளிக்கத்தான்" என்றார். நல்லவேளை, மாப்பிள்ளை அன்பானவராக அமைந்தார்.

2009 ஜனவரியில் கிளிநொச்சி விழுந்தது. தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று கூட்டம் கூட்டமாக நகர்ந்தார்கள். பாதுகாப்பு வலயம் என்று அரசே அறிவித்த நிலத்தில் செல் (எறிகணை) விழுந்தது. ஐ.நா. நிபுணர் குழுவின் 2011 அறிக்கை இதைப் பதிவு செய்து, 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கக்கூடும் என்கிறது. மக்களை வெளியேற விடாமல் இயக்கம் தடுத்ததையும், தப்ப முயன்றவர்களைச் சுட்டதையும் அதே அறிக்கை சொல்கிறது. இவர் ஏப்ரலில் காயப்பட்டார், இடது காலில். அப்போது இரண்டு மாதக் கர்ப்பிணி.

மே மாதம் வட்டுவாகல் பாலத்தைக் கடந்தபோது, இயக்கத்தில் ஒரு நாள் இருந்திருந்தாலும் பெயர் கொடுக்கும்படி ராணுவத்தினர் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கணவர் கொஞ்ச காலம் இருந்தவர். தயங்கினார். "போய்ப் பேரைக் குடுங்கோ, விசாரிச்சிட்டு விட்டிடுவினம்" என்று சொன்னது இவர்தான். அதற்குப் பிறகு கணவரைப் பார்க்கவில்லை. மகள் 2009 டிசம்பரில், செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் பிறந்தாள். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அடைபட்டுக் கிடந்த முள்வேலி அது.

போரில் குழந்தைகளுக்கு எதிரான கொடுமைகள் என்று ஐ.நா. ஆறு வகைகளைக் கணக்கெடுக்கிறது: கொல்வதும் ஊனமாக்குவதும், படையில் சேர்ப்பது, பாலியல் வன்முறை, கடத்தல், பள்ளியையும் மருத்துவமனையையும் தாக்குவது, உதவிப் பொருளைத் தடுப்பது. துப்பாக்கிகள் ஓய்ந்து ஏழு மாதம் கழித்துப் பிறந்த இந்தப் பிள்ளை அந்த ஆறில் எதிலும் வரமாட்டாள். ஆனால் அவளைப் பார்த்த எவரும் போர் அவளைத் தொடவில்லை என்று சொல்ல முடியாது.

வந்து சேர்ந்தபோது

2022இல் இலங்கைப் பொருளாதாரம் சரிந்தபோது மருத்துவமனைகளில் மருந்துத் தட்டுப்பாடு. அறுவை சிகிச்சைகள் தள்ளிப்போயின. இவருக்கோ இடது பாதம் மரத்துப்போய், நடக்கும்போது தரையில் இழுபட ஆரம்பித்திருந்தது. அண்ணன் பணம் புரட்டி மருத்துவ விசாவில் வரவழைத்தார். ஓர் அறையும் சமையலறையும் கொண்ட இரண்டாம் மாடி வீட்டில், ஏற்கெனவே நான்கு பேர் இருந்த இடத்தில், தாயும் மகளும் சேர்ந்தார்கள்.

மகளுக்கு 12 வயது முடிந்திருந்தது. பகலில் சும்மா இருக்கிறாளே என்று அண்ணி வகுப்புக்கு அனுப்பினார். வாசலுக்கு நேராக, தெருவைப் பார்த்த மாதிரி உட்கார்ந்தாள். எதைக் கேட்டாலும் தலையாட்டல்தான். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து போய்விடுவாள், ஐந்து நிமிடத்தில் திரும்பி வருவாள். மூத்திரக் கோளாறோ என்று நினைத்தேன். தமிழ் எழுத்தோ முத்து முத்தாக இருந்தது. கன்னடமும் ஆங்கிலமும் படிக்கிற எங்கள் பிள்ளைகள் எழுத்துக்கூட்டித் திணறும் பக்கத்தை அவள் உதடு மட்டும் அசைய ஒரே மூச்சில் படித்து முடித்துவிடுவாள்.

வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். வாசற்கதவின் உள்பக்கம் ஒரு தோள்பை கட்டி வைத்திருந்தார்கள். பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ், கணவரின் படம் எல்லாம் பிளாஸ்டிக் உறையில் இரண்டு சுற்று சுற்றி. கூடவே பிஸ்கட், தண்ணீர்ப் போத்தல், ஒரு டார்ச். அண்ணிக்கு அது பிடிக்கவில்லை. "நாங்க என்ன வெரட்டியா விடப் போறோம்?" என்றார். கீழ்வீட்டுப் பாட்டிதான் அவரை அடக்கினார். 1991 டிசம்பரில் காவிரி இடைக்காலத் தீர்ப்பையொட்டித் தமிழர்களை அடித்து விரட்டியபோது, பிள்ளைகளோடு இரவோடு இரவாக ஓசூருக்கு ஓடியவர். "நானும் ரெண்டு வருஷம் பை கட்டி வெச்சிருந்தேம்மா. அது இருந்தாத்தான் தூக்கம் வரும்" என்றார்.

நான் இருந்தபோதே எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையின் ஓடுபாதையிலிருந்து போர் விமானம் ஒன்று கிளம்பியது. எங்களுக்கு அது பால்காரர் மணி மாதிரி. பேச்சை நிறுத்தி, போனதும் தொடர்வோம். தாய் கையிலிருந்த தட்டோடு குந்தினார். மகளின் தலையைத் தன் மடிக்குள் அழுத்தினார். உதடு "கிபிர்" என்று அசைந்தது. வன்னியில் போர் விமானத்துக்கு அதுதான் பெயர். வேவு விமானத்துக்கு "வண்டு".

மடிக்குள்ளிருந்து அந்தப் பிள்ளை மேலே பார்த்தாள். ஜன்னலையோ வானத்தையோ பார்க்கவில்லை, அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். இரைச்சல் தேய்ந்ததும் தாயின் கையிலிருந்த தட்டை மெதுவாக வாங்கிக் கீழே வைத்தாள். என் கண்முன் நடந்தும் அதன் பொருள் எனக்கு அன்றைக்குப் பிடிபடவில்லை. பேசாத பிள்ளை, போர் பாதித்த பிள்ளை, இவளுக்குச் சிகிச்சை வேண்டும் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

முதல் தவறும் அந்த வாரத்தில்தான். என்ன நடந்தது, சொல்லுங்கள் என்று தாயைக் கேட்டேன். மூன்று மணி நேரம் சொன்னார், நிறுத்த முடியாமல் சொன்னார். மனப்பாரம் இறங்கியிருக்கும் என்று நினைத்தபடி வீடு திரும்பினேன். பத்து நாள் அவர் என் கண்ணில் படவில்லை, மகளும் வகுப்புக்கு வரவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் உளவியல் முதலுதவிக் கையேடு 2011இலேயே தெளிவாகச் சொல்கிறது: நடந்ததைச் சொல்லும்படி யாரையும் வற்புறுத்தாதே. படித்திருந்தும் கேட்டேன். உதவியாகத்தான் நினைத்துக் கேட்டேன், ஆனால் அவர் வீட்டில் அந்தப் பத்து இரவுகளும் யாரும் தூங்கவில்லை.

ஸ்கேன் அறை வாசலில்

செப்டம்பர் கடைசி வாரம், மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்கள். காலில் உள்ள தழும்பு சைக்கிளிலிருந்து விழுந்தது என்று தாய் சொல்லியிருந்தார். அந்த மூன்று மணி நேரப் பேச்சில்கூடத் தன் காயத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஸ்கேனுக்கு முன் ஒரு படிவம். ஊழியர் கன்னடத்தில் கேட்க, நான் தமிழில் கேட்டேன்.

"உடம்புக்குள்ள ஏதாவது இரும்பு இருக்காம்மா? ஆபரேஷன்ல வெச்ச தகடு, கம்பி?"

"இல்லை."

இல்லை என்ற கட்டத்தில் குறி போட்டுக் கையெழுத்துக்குப் பேனாவை நீட்டினேன். என் முந்தானையை யாரோ பிடித்து இழுத்தார்கள்.

"ரீச்சர், அது பொய். அம்மாவின்ர காலுக்குள்ள மூண்டு செல் துண்டு கிடக்குது."

ஐந்து வாரத்தில் அந்தக் குரலை அப்போதுதான் முதல் தடவை கேட்டேன். கரகரவென்று, தேவைக்கு அதிகமான சத்தத்தில் வந்தது. தாய் அவளை அடிக்கக் கை ஓங்கினார். பிறகு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

எம்.ஆர்.ஐ. எந்திரம் வலிமையான காந்தம். இரும்புத் துண்டு உள்ளே இருந்தால் அது நகரலாம், சூடாகலாம், பக்கத்து நரம்பையோ ரத்தக் குழாயையோ கிழிக்கலாம். இது தெரியாமல் தாய் பொய் சொல்லவில்லை. அந்தக் கேள்வியையே அவர் வேறு கேள்வியாகக் கேட்டார். 2009இல் முகாம்களில் காயத் தழும்பைப் பார்த்து இயக்கம் என்று ஆட்களைப் பிரித்தார்கள். "காயம் இருந்தா எடுத்துக்கொண்டு போவினம்" என்பது அவர் பதின்மூன்று வருடம் சுமந்த பாடம். சீருடை போட்ட ஒருவர் எழுதுகோலோடு நின்று, உடம்புக்குள் இரும்பு உண்டா என்று கேட்டால் அவர் வேறு என்ன சொல்வார்?

ஸ்கேனை நிறுத்தினோம். எக்ஸ்ரே, சி.டி. எடுத்தார்கள். மூன்று துண்டுகள். ஒன்று முழங்காலுக்குக் கீழே, வெளிப்பக்க நரம்பை உரசிக்கொண்டு. இரண்டு தொடைத் தசையின் ஆழத்தில்.

அன்று இரவு என் குறிப்பேட்டைத் திருப்பிப் பார்த்தேன். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை அவள் எங்கே போய் வந்தாள் என்று அண்ணியைக் கேட்டேன். "மாடிக்கு வந்து அம்மாவை எட்டிப் பார்த்துட்டு ஓடிருவா" என்றார். வாசலைப் பார்த்து உட்கார்ந்தது, தட்டை வாங்கி வைத்தது, ஸ்கேன் அறையில் வாய் திறந்தது எல்லாம் ஒரே காரியம்தான். அவள் காவல் இருந்தாள். காவலில் இருப்பவளுக்குக் கதை பேச ஏது நேரம்?

எடுத்த முடிவுகள்

முதலில் மகளுக்கு மனநல ஆலோசனை என்று நான் போட்டிருந்த திட்டத்தைக் கைவிட்டேன். தாய்க்குப் பாதுகாப்பு வந்தால் பிள்ளைக்கு வேலை குறையும் என்பது என் கணக்கு. பாதுகாப்பு என்பதை நாங்கள் மிகச் சாதாரணமாகவே புரிந்துகொண்டோம்: விசா நீட்டிப்புக்கான காகிதம், மாடிப்படி இல்லாத வீடு, வலி குறைந்த கால், கொஞ்சம் சொந்தப் பணம். வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்துக்கு மருத்துவமனைக் கடிதத்தோடு போய், தேதிக்கு முன்பே விசா நீட்டிப்பு வாங்கினோம். அந்தத் தாள் கையில் வந்த அன்று தாய் அதை மூன்று பிரதி எடுக்கச் சொன்னார். ஒன்று பைக்குள் போனது.

இரண்டாவது, மகளிடம் தாயைப் பற்றி எதுவும் கேட்பதில்லை என்று நானும் அண்ணனும் அண்ணியும் பேசி வைத்துக்கொண்டோம். ஸ்கேன் அறையில் அவள் பேசியது ஓர் உயிரைக் காத்திருக்கலாம். ஆனால் அதைப் பாராட்டிக்கொண்டே இருந்தால் அந்த வேலையை அவள் தலையில் நிரந்தரமாகக் கட்டிவிடுவோம். வகுப்பில் அவளுடைய இடத்தை மாற்றவில்லை. எழுந்து போனால் தடுக்கவில்லை. முதல் வகுப்புப் பிள்ளைகள் இருவரை மட்டும் அவள் பக்கத்தில் உட்கார வைத்து, எழுத்துச் சொல்லிக் கொடு என்றேன். அ, ஆ சொல்ல வாய் திறந்துதானே ஆக வேண்டும்!

மூன்றாவது, தீபாவளி. 2022 அக்டோபர் 24, திங்கட்கிழமை. முருகேஷ்பாளையாவில் மூன்று நாள் ஓயாமல் வெடிப்பார்கள். காதில் பஞ்சு, கதவைச் சாத்து என்று பலரும் யோசனை சொன்னார்கள். தீபாவளியன்று அவர்கள் இந்த ஊரிலேயே இருக்கக் கூடாது என்று நான் முடிவு செய்தேன். சனிக்கிழமை இரவுப் பேருந்தில் பெரியம்மாவிடம் சுள்ளியாவுக்கு அனுப்பினோம்.

இந்த முடிவில் நான் எதிர்பார்த்ததைவிட அதிகம் கிடைத்தது. ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக, தாய் கதையாகக் கேட்டிருந்த லயம் மாதிரி இருந்தனவாம். எழுபது வயதுப் பெரியம்மா எதுவும் கேட்கவில்லை. தலையில் எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டினார், ரசம் வைத்தார், "உங்கம்மா மாதிரியே முழிக்கிறே" என்றார். இரண்டாம் இரவு, விளக்கை அணைத்த பிறகு, வட்டுவாகலில் கணவரைப் போகச் சொன்னது தான்தான் என்பதைத் தாய் தானாகச் சொன்னார். என்னிடம் மூன்று மணி நேரம் பேசியபோது சொல்லாதது அது. பெரியம்மா "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பக்கத்தில் படுத்துக்கொண்டாராம். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கிப் பழகியவர் அன்று கால் நீட்டிப் படுத்துத் தூங்கினார். மகளும் தூங்கினாள், அடுத்த நாள் பத்து மணி வரை.

அறுவை சிகிச்சையும் வீடும்

நவம்பர் இரண்டாம் வாரம் முழங்காலுக்குக் கீழே இருந்த துண்டை எடுத்தார்கள். மற்ற இரண்டும் தொந்தரவு தராதவரை இருக்கட்டும், ஆழத்தில் தோண்டினால் சேதம்தான் அதிகம் என்றார் மருத்துவர். எடுத்த துண்டை ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். புளியங்கொட்டை அளவுதான், ஆனால் கையில் வைத்தால் கனத்தது. தாய் அதை வாங்க மறுத்தார். மகள் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது எனக்குக் கீழ எவ்வளவு தூரத்தில இருந்தது?" என்று கேட்டாள். அவள் கேட்டது தான் வயிற்றில் இருந்த நாட்களைப் பற்றி என்பது எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது.

அடுத்து வீடு. மாடி ஏற முடியாது. அல்சூரில் தரைத்தளத்தில் ஓர் அறை, குறைந்த வாடகை, தமிழ்க் குடும்பம். வீட்டுக்காரர் ராணுவத்தின் சாப்பர் என்ற பொறியியல் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்தப் படையின் தலைமையகம் அங்கே இருப்பதால் அல்சூரைச் சுற்றி அப்படிப்பட்ட குடும்பங்கள் நிறைய. நல்ல மனிதர், எனக்கு வருடக்கணக்காகத் தெரியும். சந்தோஷமாகக் கூட்டிப் போனேன். கூடத்தில் சீருடையில் துப்பாக்கியோடு அவருடைய படம். அவரும் அன்பாகத்தான் கேட்டார்:

"எந்த ஊரும்மா? கிளிநொச்சியா? எனக்கு நல்லாத் தெரியும். எண்பத்தேழுல அமைதிப்படையில அங்கதான் இருந்தேன்."

1987 ஜூலை முதல் 1990 மார்ச் வரை இந்திய அமைதிப்படை அங்கே இருந்தது. ஏறக்குறைய 1,200 இந்தியச் சிப்பாய்கள் இறந்தார்கள். எத்தனையோ தமிழ்ப் பொதுமக்களும் செத்தார்கள். இதெல்லாம் எனக்குத் தெரிந்த செய்திகள். அந்தக் கூடத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்று எனக்குத் தோன்றவில்லை. மூன்றாம் நாள் அதிகாலை, தையல் பிரிக்காத காலோடு, பையை மாட்டிக்கொண்டு, மகளின் தோளைப் பிடித்தபடி தாய் என் வீட்டு வாசலில் நின்றார். மூன்று இரவும் மகள் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்திருக்கிறாள். அக்டோபரில் கிடைத்ததெல்லாம் அந்த மூன்று நாளில் போனது. வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. படத்தைக் கழற்றிப் பீரோவுக்குப் பின்னால் வைத்தார். "நான் கேட்டிருக்கக் கூடாது" என்றார். முன்கூட்டியே பார்த்து யோசித்திருக்க வேண்டியவள் நான்தான், அவர் இல்லை.

கடைசியில் முருகேஷ்பாளையாவிலேயே, கீழ்வீட்டுப் பாட்டியின் பக்கத்து அறை காலியானபோது அங்கே குடிவைத்தோம். விமானச் சத்தம் உண்டு. ஆனால் தெரிந்த முகங்கள் சுற்றிலும் இருந்தன.

விமானங்கள்

ஜனவரியில் தாயை நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்கு அழைத்துப் போக முடிந்தது. அதற்கு முன் இரண்டு முறை மறுத்துவிட்டார். பைத்தியம் என்று பதிவாகிவிட்டால் பிள்ளையைப் பிரித்துவிடுவார்களோ என்ற பயம். தமிழ் பேசும் மருத்துவர் கிடைத்தார். மாத்திரை குறைந்த அளவில், மூச்சுப் பயிற்சி, தூக்கத்துக்கு ஒழுங்கு. குழந்தைகள் பிரிவில் மகளையும் பார்த்தார்கள். பேசாததற்கு இப்போதைக்கு எதுவும் செய்ய வேண்டாம், அம்மா தேறத் தேறப் பார்ப்போம் என்றார்கள்.

பிப்ரவரி 13 முதல் 17 வரை எலகங்காவில் விமானக் கண்காட்சி. அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே வானம் அதிரும். முன்கூட்டித் தெரிந்தால் பயம் குறையும் என்று நினைத்து ஒரு காரியம் செய்தேன். எந்த நேரத்தில் என்ன விமானம் என்று ஒரு நோட்டில் மகளைக் குறிக்கச் சொன்னேன். நான்கு நாளில் அவள் நேரம் தவறாமல் பக்கம் நிரப்பிவிட்டாள். தாய்க்கும் கொஞ்சம் தெம்பு வந்த மாதிரி இருந்தது.

தெரிந்த வழக்கறிஞர் ஒருவர் அந்த நோட்டைப் பார்த்து அதிர்ந்துபோனார். விசாவில் தங்கியிருக்கும் வெளிநாட்டவர் வீட்டில், ராணுவ ஓடுபாதைக்குப் பக்கத்தில், போர் விமானங்கள் பறந்த நேரங்களின் பட்டியல்! யார் கையிலாவது கிடைத்தால் இவர்கள் கதி என்ன? அன்றே அதை எரித்தோம். அதைவிடப் பெரிய பிழை வேறு என்று எரிக்கும்போதுதான் உறைத்தது. காவலிலிருந்து விடுவிக்க வேண்டிய பிள்ளையைக் காவல் கோபுரத்தில் நானே ஏற்றி வைத்திருந்தேன்.

பிறகு மருத்துவர் சொன்ன எளிய வழி. விமானம் கேட்டால் தாய் செய்கிற வேலையை நிறுத்தாமல், வாய்விட்டு, தன் குரலில், "இது பெங்களூர். பயிற்சிக்குப் பறக்கிறாங்கள்" என்று சொல்ல வேண்டும். மகள் சொல்லக் கூடாது. முதல் சில நாள் குரலே வரவில்லை. கண்காட்சியின் மூன்றாம் நாள் நான் போனபோது பிட்டுக்கு மாவு குழைத்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேல் இரைந்துகொண்டு போனது. கை நின்றது. "இது பெங்களூர்" என்றார். மறுபடி குழைத்தார். மகள் ஒரு தடவை அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, முதல் வகுப்புப் பையனின் நோட்டுக்குத் திரும்பினாள். நான் அடுப்படியில் நின்று அழுதேன்.

மே 18

மருத்துவமனைப் படிவம், விசாப் படிவம் எதிலும் கணவர் பற்றிய கட்டத்தைத் தாய் நிரப்பியதில்லை. விதவை என்று எழுத மாட்டார். இருக்கிறார் என்று எழுதவும் கை வராது. இறந்தவருக்குச் செய்யும் எதையும் செய்ய முடியாத இந்த நிலைக்குத் தெளிவற்ற இழப்பு என்று பெயர் வைத்தவர் அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ். பெயர் தெரிந்ததால் எனக்கு ஒரு பயன் உண்டு: முடித்துவை, ஏற்றுக்கொள் என்று வற்புறுத்தாமல் இருந்தேன். மகளுக்கு மட்டும் "அப்பா வெளிநாட்டில், வருவார்" என்று சொல்லி வைத்திருந்தார்கள்.

2023 மே 18 அன்று தாய் கஞ்சி காய்ச்சினார். முள்ளிவாய்க்காலில் கடைசி நாட்களில் வரிசையில் நின்று வாங்கிய கஞ்சி: அரிசி, தண்ணீர், உப்பு. பாட்டிக்கும் எனக்கும் ஆளுக்கு ஒரு டம்ளர். குடித்து முடித்ததும் மகளிடம், பாலம், ஒலிபெருக்கி, தான் சொன்ன வார்த்தை, பேருந்தில் ஏறியவரின் சட்டை நிறம் வரைக்கும் சொன்னார். "அதுக்குப் பிறகு எனக்குத் தெரியாது பிள்ளை" என்று நிறுத்தினார்.

"எனக்குத் தெரியும் அம்மா. வெளிநாட்டில எண்டா போன் எடுத்திருப்பார்தானே" என்றாள் மகள்.

பிறகு நடந்தது

ஜூனில் ஊர் திரும்பினார்கள். பாதம் இழுபடுவது பாதிக்கு மேல் குறைந்திருந்தது. மரத்துப்போன இடம் அப்படியே. மகள் இடைவெளி விழுந்த வகுப்பில் மறுபடி சேர்ந்தாள். கேட்டால் பதில் சொல்கிறாள், தானாகப் பேசுவது குறைவு என்று அங்குள்ள ஆசிரியை சொல்கிறாராம். தாய் மாத்திரையைத் தானே நிறுத்திவிட்டார். அது எனக்குக் கவலை. காணாமல் போனோருக்கான அலுவலகத்தில், 2016 சட்டத்தின்படி அமைந்து 2018இல் வேலை தொடங்கிய அந்த அலுவலகத்தில், கணவரின் பெயரைப் பதிந்திருக்கிறார். இழப்பீட்டுக்கு இல்லை, "ஆரிட்டக் குடுத்தனான் எண்டு எழுதி வைக்கத்தான்" என்றார். பை இன்னும் வாசலில்தான் இருக்கிறது.

இனி மாற்றிச் செய்வது

கதை கேட்க மாட்டேன். பேசத் தோன்றும் இடத்தையும் ஆளையும் தேடிக் கொடுப்பேன். அந்த ஆள் பெரும்பாலும் நானாக இருக்கப் போவதில்லை. சுள்ளியாவுக்கு அக்டோபர் வரை காத்திருந்திருக்க வேண்டியதே இல்லை, ஆகஸ்டிலேயே அனுப்பியிருக்கலாம்.

வீடு பார்க்கும்போது வாடகையும் தண்ணீரும் பார்ப்பதோடு, சுவரில் என்ன தொங்குகிறது, வீட்டுக்காரர் என்ன வேலையில் இருந்தார் என்றும் பார்ப்பேன். தங்கப் போகிறவரிடம் முன்பே சொல்லி, வேண்டுமா வேண்டாமா என்று அவரையே தீர்மானிக்க விடுவேன்.

ஒரு பிள்ளை பேசவில்லை என்றால், யாரைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்கிறது என்பதை முதல் வாரத்திலேயே குறித்துக்கொள்வேன். உதவி என்று எந்த வேலையைக் கொடுத்தாலும், அதைப் பெரியவர் செய்யலாமா என்று ஒருமுறை யோசிப்பேன்.

அப்புறம் ஸ்கேன் படிவம். போர் நடந்த பகுதியிலிருந்து வந்தவர் என்றால் "உடம்புக்குள் இரும்பு உண்டா" என்று வாசலில் வைத்து, பிறர் முன்னால் கேட்பதில்லை. முந்தின நாளே, வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு, இந்தக் கேள்வி எதற்கு, பதில் யாரிடம் போகும், யாரிடம் போகாது என்று முழுதாகச் சொல்கிறேன். பிறகும் இல்லை என்றால், முதலில் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்கிறேன். அதற்குப் பிறகு ஏதிலியர் முகாமிலிருந்து வந்த இருவருக்கு இப்படிச் செய்தோம். ஒருவருக்குத் தோள்பட்டையில் ஒரு துண்டு இருந்தது.